தண்ணீருக்குக் கூட்டம் உண்டு, குப்பைக்கு ஏன் இல்லை?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் ஒரு கூட்டம் நடக்கும். ஆரம்பக் கூட்டம் என்றால் வேளாண்மை செய்கிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன்னிச்சைக்கு ஒன்று, உறுகாமத்துக்கு ஒன்று, வாகனேரிக்கு ஒன்று, நவகிரிக்கு ஒன்று. பெரிய குளமென்றால் அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார், இல்லாவிட்டால் பிரதேச செயலாளர். மேசைக்கு அந்தப் பக்கம் நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை நிலைய உத்தியோகத்தர்கள், விவசாயத் திணைக்களத்தார், காப்புறுதிக்காரர். இந்தப் பக்கம் கமக்கார அமைப்புகளின் நிர்வாகிகள், வயல்களுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானைமார், வெற்றிலை மென்றபடி வந்திருக்கும் காணிக்காரர்கள். குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பொறியியலாளர் வாசிப்பார். சரி, இனி அடிபிடிதான்.

எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதியோடு தண்ணீரை நிறுத்துவது, விதைப்பை எந்த நாளுக்குள் முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, சிறுபோகமென்றால் எந்த வயல் கண்டத்துக்குத் தண்ணீர், எதற்கு இல்லை, வாய்க்காலை யார் துப்புரவு செய்வது, மாடுகளை எந்த நாளுக்குள் மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது. இத்தனையும் அந்த மண்டபத்தில் பேசி முடிவாகும். முடிவு கூட்ட அறிக்கையில் ஏறும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்குப் பலம் கொடுக்கிறது. மீறுகிறவர் மீது வழக்குப் போடலாம். அரசாங்கம் வழங்கும் ஒரு சேவையை எப்போது, யாருக்கு, எவ்வளவு வழங்குவது என்பதை அதைப் பெறுகிறவர்களும் அதிகாரிகளோடு உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள் என்றுதான் இதைப் பார்க்க வேண்டும்.

இப்போது அதே விவசாயியின் வீட்டுப் பக்கம் வாருங்கள். வீதியோரம் வடிகான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. குப்பை உழவு இயந்திரம் எந்தக் கிழமை வரும், சேர்த்த குப்பை எங்கே கொட்டப்படும் என்றும் கேட்பதில்லை. குழாய் நீர் எந்தக் கிராமத்துக்கு முதலில் போகும், அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவியின் பட்டியல் எந்தக் கணக்கில் தயாரானது, ஆஸ்பத்திரிக் கிளினிக் ஏன் அந்த நாளில் நடக்கிறது, எதிலும் அவருக்கு இடமில்லை. வயலில் தீர்மானம் எடுக்கிற ஆள், ஊருக்குள் வந்ததும் பயனாளியாகிவிடுகிறார். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று இதற்குக் காரணம் சொல்வது அதிகாரிகளின் வழக்கம். அதே மக்கள்தான் ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளரின் கணக்கையே மறித்துக் கேட்கிறார்கள். கூட்டம் எந்தக் கட்டத்தில் வைக்கப்படுகிறது, அதில் எடுத்த முடிவு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்பது என் கருத்து.

மக்கள் பங்கேற்பு பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயரைச் சொல்வார்கள். 1969இல் அவர் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். கீழே இரண்டு படிகளில் பங்கேற்பே இல்லை, பெயருக்கு ஆட்களைக் கூட்டிவைத்துத் தலையாட்ட வைப்பது மட்டும். நடுவில் மூன்று: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஒருவரிருவரைக் குழுவில் போட்டுச் சமாதானப்படுத்துவது. மேலே உள்ள மூன்றில்தான் அதிகாரம் கைமாறத் தொடங்குகிறது. நம் பகுதியில் மக்கள் கலந்துரையாடல் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி நடுப்படிகளைத் தாண்டுவதில்லை. பதாகை, விளக்கேற்றல், வரவேற்புரை, தேநீரும் ரோல்ஸும், கடைசியில் நேரமின்மை காரணமாகக் கேள்விகள் சுருக்கமாக. இதில் உட்கார்ந்து எழும்பாதவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் குறைவு.

இன்னொரு பெயரும் இங்கே தேவைப்படுகிறது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண், எலினோர் ஒஸ்ட்ரம். 1970களில் அவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க நகரங்களின் பொலிஸ் சேவையை ஆராய்ந்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒரு சேவையை அரசு தனியாக உற்பத்தி செய்து குடிமக்கள் கையில் கொடுத்துவிட முடியாது. பெறுகிறவரும் அதன் உற்பத்தியில் பாதி ஆள். ஆசிரியர் எவ்வளவு படிப்பித்தாலும் பிள்ளை படிக்காவிட்டால் கல்வி என்ற சேவை நடக்கவில்லை. டெங்கு ஒழிப்புக்கு எத்தனை பொதுச் சுகாதார பரிசோதகரை நியமித்தாலும் வீட்டுக்காரர் கிணற்றடியையும் தகர டின்களையும் பார்க்காவிட்டால் நுளம்பு போகாது. குப்பையும் அப்படியே. வீட்டிலேயே உக்குவதையும் உக்காததையும் பிரிக்காத ஊரில் சபை வாங்கும் எந்த இயந்திரமும் வீண். ஆகவே மக்களைச் சேர்ப்பது நல்ல மனசைப் பொறுத்த காரியமாக மட்டும் இருக்க முடியாது. சேர்க்காவிட்டால் சேவையே ஓடாது.

இதற்கு உலகத்தில் எங்கோ போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. போர்ட்டோ அலெக்ரே என்ற பிரேசில் நகரம் 1989 முதல் நகரப் பாதீட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டங்களில் தீர்மானித்தது, கேரளம் 1996இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கொடுத்துக் கிராம சபைகளில் திட்டம் போடச் சொன்னது. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நீர்ப்பாசன உலகத்தில் பங்கேற்பு என்றதும் முதலில் எடுக்கப்படும் உதாரணங்களில் ஒன்று அம்பாறை மாவட்டத்திலேயே நடந்தது. நமக்குத்தான் அதிகம் தெரியாது.

கல்லோயாத் திட்டத்தின் இடதுகரைக் கதை அது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது, இடதுகரையில் பெருந்தொகையான வயல்கள் உருவாயின. 1970களின் முடிவில் அந்த வாய்க்கால்கள் கிட்டத்தட்டச் சீரழிந்து கிடந்தன. மதகுக் கதவுகள் உடைந்திருந்தன, கரைகள் வெட்டப்பட்டிருந்தன. தலைப்பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீரை வேண்டியமட்டும் எடுத்தார்கள். கடைப்பக்கத்துக்கு வரும்போது வாய்க்கால் காய்ந்திருந்தது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைப்பக்கத்தில் தமிழ் விவசாயிகள் பலர். 1956இல் இனக் கலவரம் நடந்த மண் இது என்பதை மறக்கக் கூடாது. நாட்டிலேயே ஒத்துழைப்புக்கு மிகக் கஷ்டமான விவசாயிகள் என்று அதிகாரிகள் மத்தியில் இந்தப் பகுதிக்குப் பெயரும் இருந்தது.

அமெரிக்க உதவியுடன் வாய்க்கால்களைப் புனரமைக்க ஒரு திட்டம் வந்தது. அதில் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பரீட்சார்த்தம் செய்தன. 1981இல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகத் தெரிவு செய்து, வாய்க்கால் ஓரக் கிராமங்களிலேயே குடியிருக்க அனுப்பினார்கள். அவர்கள் போனதும் கூட்டம் வைக்கவில்லை. சங்கம் பதியவில்லை, தலைவர் செயலாளர் பொருளாளர் தெரிவும் இல்லை. வீடு வீடாகப் போய், ஒவ்வொரு விவசாயியிடமும் தண்ணீரில் அவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேர் முதலில் ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்தார்கள்: வாய்க்காலைத் துப்புரவாக்குவது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது. வேலை நடந்து முடிந்தபிறகே அமைப்பு. பிரதிநிதியையும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யாமல், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரைப் பேசித் தெரிவு செய்தார்கள். வாக்கெடுப்பு ஒரு சின்ன வாய்க்காலைக் கட்சிகளாகப் பிரித்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு குளம் கால்வாசியே நிறைந்திருந்தது. அடிபிடி நடக்க வேண்டிய ஆண்டு. நடந்தது வேறு. தலைப்பக்கத்து விவசாயிகள் பலர் தங்கள் முறையில் மிச்சம்பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். சிங்கள விவசாயிகள் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் இடதுகரையில் நீர்ப் பயன்பாட்டின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதாகப் பதிவாகியிருக்கிறது. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1988இல் பங்கேற்பு நீர்ப்பாசன முகாமைத்துவத்தை அரசாங்கம் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையில் பெரிதாகப் பேசப்படாத ஒரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இளம் அமைப்பாளர்களில் பெரும்பாலானோர் நிலைக்கவில்லை. நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைத்ததும் போய்விட்டார்கள், யார்தான் போகமாட்டார்கள்? திட்டத்தின் சம்பளம் தற்காலிகம், வேலை தற்காலிகம், ஓய்வூதியம் இல்லை. மக்கள் பங்கேற்பு என்பது யாரோ ஒருவரின் முழுநேர உழைப்பில் நிற்கும் விஷயம். வீடு வீடாகப் போவதற்கும், கேட்டதை எழுதிவைப்பதற்கும், திரும்பவும் போய்ப் பதில் சொல்வதற்கும் ஒரு ஆள் வேண்டும். நம் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களின் நேரத்தில் எவ்வளவு படிவம் நிரப்புவதில் போகிறது, எவ்வளவு மக்களோடு பேசுவதில் போகிறது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பக் கூட்டத்தை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அதற்குள்ளும் ஓட்டைகள் உண்டு. அது காணிக்காரரின் கூட்டம். குத்தகைக்குச் செய்கிறவர் வெயிலில் நிற்பார், காணி எழுதியிருக்கிற போடியார் மண்டபத்தில் இருப்பார். கிழக்கில் தாய்வழிச் சீதனமாகக் காணி பெண்கள் பெயரில் இருப்பது சாதாரணம். ஆனால் கூட்டத்துக்குப் போகிறவர் புருஷன் அல்லது தம்பி. மாட்டுக்காரருக்கு மேய்ச்சல் தரைக்குப் போகும் திகதி சொல்லப்படும், மேய்ச்சல் தரை இருக்கிறதா என்ற கேள்வி அந்த மண்டபத்தில் தீராது. மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரை கேட்டு வருடக்கணக்காக வீதியோரம் போராட்டத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் இதுதான் பின்னணி.

வாவிக்காரரின் கதை இன்னும் சிக்கல். மார்கழி வெள்ளம் வந்ததும் மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்று ஒரு பிரச்சினை எழும்பும். வயல் தாழ்ந்து கிடக்கும் படுவான்கரை விவசாயிக்கு இன்றே வெட்ட வேண்டும், பயிர் அழுகுகிறது. வாவியில் இறாலும் மீனும் பிடிக்கிறவருக்கு அவசரப்பட்டு வெட்டினால் வாவி வற்றும், மீன் கடலுக்குப் போய்விடும். இரண்டு பேரும் சொல்வது நியாயம். ஆனால் விவசாயிக்குக் கமக்கார அமைப்பு இருக்கிறது, பொறியியலாளரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. மீனவருக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்தாலும் அது வேறொரு திணைக்களத்தின் கீழ். ஒரே தண்ணீர், இரண்டு கூட்டம். கடைசியில் வெள்ளம் தலைக்கு மேல் வந்த பிறகு, அவசரத்தில், அன்றைக்கு யாருடைய குரல் பெரிதோ அதன்படி முடிவாகிறது. பங்கேற்பு என்றால் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்ற எண்ணம் உள்ளவர்கள் ஒரு மழைக்காலத்தில் முகத்துவாரம் இருக்கிற பாலமீன்மடுப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகள் ஒரு பெரிய பாடப்புத்தகம். 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேல். சில வாரங்களில் அரசாங்கம் ஒரு விதி போட்டது: வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். ஏன் இந்த வித்தியாசம் என்று இங்கே யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு போன்ற ஊர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். 200 மீற்றர் என்றால் ஊரில் பாதி போய்விடும். மீனவரின் தோணி கரையில், வீடு வயலுக்கு அந்தப் பக்கம் என்றால் தொழில் எப்படி? 2005 முடிவதற்குள் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கொட்டில்களில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துவிட்டன.

வீடு கட்டிய கதையிலும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தன் காணியில் தானே கட்டுவது: முற்றாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபா, பகுதியாகச் சேதமானதற்கு 1,00,000 ரூபா, கட்டம் கட்டமாக வங்கியில் வரும். காசு போதவில்லை என்று முணுமுணுப்பு இருந்தது உண்மை. ஆனால் குசினியை எந்தப் பக்கம் வைப்பது, கதவு எந்தத் திசை பார்ப்பது என்று வீட்டுக்காரர் முடிவு செய்தார். மற்றது, நிறுவனங்களே கட்டித் திறப்பைக் கையில் கொடுப்பது. அதன் உச்சம் அக்கரைப்பற்று நுரைச்சோலை. சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள், பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் என்று ஒரு முழு ஊரே கட்டப்பட்டது. யாருக்கு என்ற கேள்வி முதலிலேயே எல்லாச் சமூகங்களோடும் உட்கார்ந்து பேசித் தீர்க்கப்படவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, வீடுகளைப் பகிர்ந்தளிப்பது நின்றது. வருடக்கணக்காக அந்த வீடுகளில் காடு வளர்ந்தது. கட்டுமானத்தில் பிழை இல்லை, பணத்திலும் குறை இல்லை.

குப்பைக்கு வருவோம், தலைப்பில் அதைத்தானே கேட்டிருக்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காடு என்றொரு இடம். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. 2008இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் மீள்சுழற்சித் திட்டமாகத் தொடங்கியது. குப்பை வந்தது, மீள்சுழற்சி வரவில்லை. சுற்றிப் போட்ட மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, திருத்தப்படவில்லை. யானைகள் வந்து பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் தின்னத் தொடங்கின. 2022 தொடக்கத்தில் வந்த செய்தியின்படி எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்திருந்தன. யானைக்காக எல்லோரும் வருத்தப்பட்டோம், படங்கள் உலகமெல்லாம் போயின. குப்பைக்குப் பழகிய யானை பக்கத்து வயலுக்கும் வரும் என்பதைச் சுற்றிவரக் குடியிருக்கிற விவசாயி முதல் நாளே சொல்லியிருப்பார். அவரும் குப்பையைப் பிரிக்க வேண்டிய வீட்டுப் பெண்களும் உழவு இயந்திரச் சாரதியும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் வேலியை யார் பராமரிப்பது என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்கும். குளத்துக்கு வட்டவிதானை இருக்கிறார். குப்பைமேட்டுக்கு யார்?

2023இல் தொடங்கிய அஸ்வெசும இன்னொரு விதமான பாடம். முன்பிருந்த சமுர்த்தி உதவிப் பட்டியலில் அரசியல் கலந்திருந்தது என்பது ஊரறிந்தது. ஆகவே 22 சுட்டிகளை வைத்துக் கணக்கிட்டு, யார் 2,500 ரூபா வகுப்பு, யார் 5,000, 8,500, 15,000 வகுப்பு என்று பிரித்தார்கள். நோக்கம் சரி. ஆனால் மின்சாரப் பட்டியல், வீட்டுச் சுவர், நிலம் என்ற சுட்டிகள் கொழும்பில் முடிவாயின. பட்டியல் வெளியானதும் நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள். கூடவே ஆட்சேபனை தெரிவிக்கவும் ஒரு வழி வைத்தார்கள். அதாவது, பக்கத்து வீட்டுக்காரி தகுதியில்லாமல் வாங்குகிறாள் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். மக்கள் கருத்துக்கு இடம் வைக்கப்பட்டது உண்மைதான். வைத்த இடம் பிழை. எந்தச் சுட்டி இங்கே பொருந்தும் என்று முதலில் கேட்டிருந்தால், அரைகுறையாக நிற்கும் வீட்டுத்திட்டக் கல்வீட்டில் அன்றாடம் காய்ச்சியும் இருப்பார் என்று மட்டக்களப்பில் எந்தக் கிராம உத்தியோகத்தரும் சொல்லியிருப்பார்.

சட்டத்தில் இடமில்லையா? நிறையவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் முகவுரையே, தீர்மானம் எடுப்பதில் மக்கள் பயனுள்ள விதத்தில் பங்குபற்ற வாய்ப்பளிப்பதற்காக இந்தச் சபைகள் என்று சொல்கிறது. சபையின் ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மனுக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது இப்போது பலருக்குத் தெரியும். தெரியாத பகுதி அதன் 9ஆம் பிரிவு. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதைப் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. யாரும் கேட்காமலே. இன்றைக்கு 5 இலட்சத்தில் ஒரு சின்னக் கொங்கிரீட் வீதித் துண்டுகூடத் தேறாது. அப்படியென்றால் ஊரில் நடக்கும் அநேகமாக எல்லா வேலையும் இதற்குள் வந்துவிடும். நமக்கு வருவது வேலை தொடங்கிய பின் நடப்படும் பெயர்ப்பலகை.

சட்டம் இருந்தாலும் அதைச் செயற்படுத்தத் தெரிவான ஆட்கள் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான். உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடங்களுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். தேர்தலைப் பிற்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மட்டக்களப்பு மாவட்டத்தின் 12 சபைகளும் இப்போது மீண்டும் தெரிவான சபைகள். கல்முனை மாநகர சபைக்கு மட்டும் அந்த மே மாதத்திலும் வாக்களிப்பு நடக்கவில்லை, வழக்கு. குப்பை எடுக்காவிட்டால் போய்ச் சத்தம்போட ஒரு வட்டார உறுப்பினர்கூட இல்லாத ஊரில் பங்கேற்பு பற்றிப் பேசுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2025 ஜூலையில் பிரஜாசக்தி என்ற தேசிய வேலைத்திட்டம் தொடங்கியது. கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு குழு, கிராமத்தின் தேவையைக் கிராமமே அடையாளம் காணும் என்பது யோசனை. தலைவர்கள் தெரிவு செய்யப்படாமல் நியமிக்கப்படுகிறார்கள், தெரிவான பிரதேச சபை உறுப்பினருக்கு அதில் என்ன இடம் என்று இங்கே எழுந்த விமர்சனம் நியாயமானது. அதேநேரம் விமர்சிக்கிற கட்சிகள் தங்கள் கையிலிருக்கும் சபைகளின் ஆலோசனைக் குழுக்களில் எத்தனை ஊரவரைச் சேர்த்திருக்கின்றன என்றும் கேட்கலாம்தானே. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று ஒரே ஊரில் இத்தனை இருக்கும்போது, அவற்றில் எதற்கும் அதிகாரம் கொடுக்காமல் புதிதாக ஒன்றைத் தொடங்குவது எல்லா அரசாங்கங்களுக்கும் பழகிப்போன வேலை. சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் பெரிய தாளை நிலத்தில் விரித்து ஊர்ப் படம் வரையச் சொன்னதை இன்னும் பலர் மறக்கவில்லை. ஒரே கிணற்றை வேறு வேறு நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். பதில் வராத கூட்டத்துக்கு மனுசன் எத்தனை தரம் போவான்?

யார் வர முடிகிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். கிழமை நாளில் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலக மண்டபத்தில் கூட்டம் என்றால் கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போச்சு. இரவு முழுக்கக் கடலில் நின்றவர் அந்நேரம் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு நித்திரைக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடம் விடுவதற்குள் சமைத்து முடிக்க வேண்டிய பெண் வர மாட்டாள். கடைசியில் வருகிறவர்கள் ஓய்வுபெற்ற அதிபரும், கோயில் வண்ணக்கரும், பள்ளிவாசல் நம்பிக்கையாளரும், எல்லாச் சங்கத்திலும் தலைவராக இருக்கிற அந்த ஒருவரும். அவர்களைக் குறை சொல்லவில்லை. நேரம் உள்ளவர்கள் வருகிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை நாடெங்கும் இரண்டு வீதத்தைக்கூட எட்டாமலிருந்த நிலை ஒரே தேர்தலில் மாறியது. மண்டபத்தின் நேரத்தை மாற்றுவதற்குச் சட்டம்கூட வேண்டியதில்லை.

அம்பாறையில் இதற்கு மேல் மொழி. கரையோரத் தமிழ் பேசும் ஊர்களிலிருந்து மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும். பொத்துவிலிலிருந்து என்றால் பஸ் மாறி மாறி. போய்ச் சேர்ந்தால் உரையாடல் சிங்களத்தில், கடிதம் சிங்களத்தில். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மொழி உரிமை மீறலை முறையிட 1956 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டும் 1956தான்; அந்த இலக்கத்தைத் தெரிவு செய்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத கூட்டத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவர் பங்குபற்றியதாகக் கணக்கில் வரும்.

இப்போதைக்குச் சபைகளின் கையில் இருக்கும் மிக எளிய வாசல் பாதீடு. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் டிசம்பர் முடிவதற்குள் பாதீடு நிறைவேற வேண்டும். அதற்கு முன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அலுவலகத்தில் ஒரு மேசையில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில், அடைமழையில், விதைப்பு முடிந்து களைக்கும் பசளைக்கும் ஓடுகிற நேரத்தில் யார் போய்ப் பார்ப்பார்? போனாலும் அங்கே இருப்பது சம்பளம், எரிபொருள், பராமரிப்பு என்ற தலைப்புகளில் எண்கள். எந்த வட்டாரத்துக்கு எத்தனை தெருவிளக்கு என்பது அதில் தெரியாது. ஆவணி, புரட்டாதியில், சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக ஆரம்பக் கூட்டங்களுக்கு விவசாயிகள் எப்படியும் கூடுகிற அந்த வாரங்களில், வட்டாரத்துக்கு ஒரு கூட்டமாக, பின்னேரத்தில் வைக்கலாம். மூன்றே கேள்விகள் போதும்: அடுத்த வருடம் இந்த வட்டாரத்துக்கு இவ்வளவு காசு இருக்கிறது, எதற்குச் செலவழிப்பது? கடந்த முறை நீங்கள் கேட்டதில் எது நடந்தது? நடக்காதது ஏன்? முடிவைக் கூட்ட அறிக்கையில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தவிசாளர் தயாராக இருக்கிறாரா என்பதை வைத்தே அடுத்த வருடம் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லிவிடலாம்.